முப்பதுன்னு போட்டது ஏழு, எட்டுன்னு போட்டது எட்டு: தொண்டி கடக்கரைல ஒரு பைனாகுலர் ரிவியூ

மொதல்லயே சொல்லிர்றேன், நான் பறவை ஆராய்ச்சி பண்ற ஆளு இல்ல. தேவகோட்டைல சின்ன ஹார்டுவேர் கடை, பைப்பு, வாஷர், பெயிண்டு, அம்புட்டுதான். போன வருஷம் சுகர் கூடிப்போச்சு, நடங்கன்னு டாக்டர் சொன்னாரு. ஊருக்குள்ள நடந்தா தெரிஞ்சவன் எவனாச்சும் நிறுத்தி டீ வாங்கிக் குடுத்து இருக்குற சுகர இன்னும் ஏத்தி விட்டுர்றான், அதுனால ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை வண்டிய எடுத்துக்கிட்டு திருவாடானை வழியா தொண்டிக்குப் போயி கடக்கரைல நடக்க ஆரம்பிச்சேன்.

அங்க தண்ணி ஓரத்துல சின்னச் சின்னதா என்னமோ ஓடும், மண்ணு கலரு. கிட்டப் போனா மொத்தமா எந்திரிச்சு ஒரு வளைவு அடிச்சு அங்கிட்டு போயி உக்காந்துக்கும். ரெண்டு மூணு வாரம் அது ஏதோ கடக்குருவின்னு நெனச்சுக்கிட்டே நடந்தேன். ஒரு நாள் கால் வலின்னு ஒரு கவுத்துப்போட்ட வத்தை (சின்னப் படகு) மேல உக்காந்து சும்மா பாத்துக்கிட்டு இருந்தப்பதான் தெரிஞ்சுச்சு, அந்தக் கூட்டத்துல பாதி நாலு எட்டு ஓடுது, டக்குனு நிக்குது, ஒரு கொத்து, மறுபடி ஓடுது. மிச்சப் பாதி நிக்கவே இல்ல, கோழி தவிடு கொத்துற மாதிரி மண்ணக் குத்திக்கிட்டே நகருது. ஒரே குருவின்னா எதுக்கு ரெண்டு தினுசா திங்குது? அந்தக் கேள்விக்கு நான் பண்ணுன செலவுதான் இந்த ரிவியூ.

மொத செலவு தண்டம். ஆன்லைன்ல 899 ரூவாய்க்கு ஒரு பைனாகுலர், பெட்டில பெருசா 30×60ன்னு போட்டுருந்துச்சு. முப்பது மடங்கு பெருசா தெரியும்னு நம்பி வாங்குனேன். கண்ணுல வச்சா ஒரு படகு ரெண்டு படகா தெரியுது, பாக்கப் பாக்க தலவலி. நமக்குத்தான் கடைல வெர்னியர் இருக்கே, எடுத்து அளந்து பாத்தேன். 60ன்னு போட்டா முன்பக்க லென்ஸோட குறுக்களவு 60 மில்லி இருக்கணும், இருந்தது 22. அடுத்து அத கை நீட்டித் தள்ளிப் புடிச்சு வெளிச்சத்தப் பாத்தா கண்ணு வைக்கிற பக்கம் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும், அது 3 மில்லி. முன்னாடி லென்ஸ் அளவ இந்த வட்டத்தால வகுத்தா எத்தன மடங்குன்னு வந்துரும், 22ஐ 3ஆல வகுத்தா ஏழு சொச்சம். முப்பதுன்னு வித்தது ஏழு! நான் முக்கா இஞ்சு பைப்ப மூணு இஞ்சுன்னு சொல்லி வித்தா என்னைய இந்த ஊர்ல விடுவாகளா. இப்ப அது பக்கத்து வீட்டுப் பய கைல வெளையாட்டுச் சாமானா இருக்கு.

ரெண்டாவதுதான் இப்ப ரிவியூ பண்றது. 8×42, விலை 6,400. கம்பெனி பேரு போடல, ஏன்னா கொறையும் சொல்லப்போறேன், வம்பு வேணாம், இந்த வெலைக்கு நாலஞ்சு கம்பெனி கிட்டத்தட்ட ஒரே சரக்கத்தான் விக்கிறாக. 8ன்னா எட்டு மடங்கு, 42ன்னா முன் லென்ஸ் 42 மில்லி. வந்த அன்னைக்கே வெர்னியர் போட்டேன், 42தான். வெளிச்ச வட்டம் 5 மில்லிய விட ஒரு மயிரிழை கூட, சரியா வருது. அந்த வட்டம் முழு உருண்டையா இருக்கான்னும் பாருங்க, ஓரம் மழுங்கி சதுரம் மாதிரி தெரிஞ்சா உள்ள இருக்குற பிரிசம் மட்டமான கண்ணாடி. பெட்டில பாக்-4ன்னு (BaK-4, அந்தப் பிரிசம் கண்ணாடியோட ரகப் பேரு) போட்டுருந்தா நல்ல ரகம்.

கடைக்கு வர்றவுகள்லாம் கேக்குற ஒரே கேள்வி, பத்து மடங்கு வாங்கியிருக்கலாம்ல? வேணாங்க. எட்டு மடங்குன்னா குருவியும் எட்டு மடங்கு பெருசு, கை நடுக்கமும் எட்டு மடங்கு பெருசு. பத்துல நடுக்கம் இன்னும் கூடும், பாக்குற பரப்பும் சுருங்கும். கடக்கரைல காத்து ஆளையே ஆட்டுது, இதுல ஓடுற குருவியப் புடிக்கணும்னா பரப்புதான் முக்கியம். என்னோடதுல 1000 மீட்டர் தூரத்துல 129 மீட்டர் அகலம் தெரியும்னு போட்டுருக்கு, கூட்டத்துல பாதி ஒரே வட்டத்துக்குள்ள வந்துருது. அப்புறம் இந்த ஜூம் பைனாகுலர்னு ஒண்ணு வருது, 8ல இருந்து 24 வரைக்கும் திருகலாம்னு, அந்தப் பக்கமே போகாதீக.

ஒரு கிறுக்கும் பண்ணேன். காரைக்குடில பழைய சாமான் விக்கிற கடை ஒண்ணுல பித்தள பைனாகுலர் பாத்தேன், ரங்கூன்ல இருந்து வந்ததுன்னு சொன்னாக, எங்க ஐயாவும் பர்மாவுல இருந்த ஆளு, மனசு ஆடிப்போச்சு. திருப்பிப் பாத்தா ஸ்க்ரூ புது ஸ்க்ரூ, பித்தளைக்குக் கருப்படிச்சு வச்சிருக்கு. ஸ்க்ரூ விக்கிறவன்கிட்டயேவா. முகப்புல வைக்க அழகா இருக்கும், பாக்குறதுக்கு ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வாங்குன உடனே கடலுக்கு எடுத்துக்கிட்டு ஓடாதீக, செட் பண்ணத் தெரியணும். நான் பழகுனது எங்க ஊருணில, முக்குளிப்பான வச்சு. அது முங்குறதும் வேற எடத்துல எந்திரிக்கிறதுமா இருக்கும், ஃபோகஸ் சக்கரம் பழக அத விட நல்ல வாத்தியார் கெடையாது. ஆனா கெளம்புறப்பவே வீட்ல சொல்லிட்டாக, "ஏங்க, குளிக்கிற படித்துறைப் பக்கம் அதத் தூக்கிட்டு நின்னீக, நாளைக்கு ஊர்ல தலகாட்ட முடியாது"ன்னு. ரொம்பச் சரி. ஆளில்லாத கரையாப் பாத்து நின்னுதான் பழகுனேன்.

செட்டிங் ரெண்டே ரெண்டு. வலது கண்ணுப் பக்கம் ஒரு வளையம் இருக்கும், டயாப்டர்ம்பாக. வலது லென்ஸ மூடிட்டு எடது கண்ணால ஒரு போர்டு எழுத்தப் பாத்து நடுச்சக்கரத்தத் திருகித் தெளிவாக்கணும், அப்புறம் எடத மூடிட்டு அதே எழுத்த வலது கண்ணால பாத்து அந்த வளையத்த மட்டும் திருகணும். ஒரு தடவ பண்ணா போதும். இதப் பண்ணாமத்தான் பாதிப் பேரு பைனாகுலர்னாலே தலவலின்னு தூக்கிப் போடுறது. ரெண்டாவது, கண்ணாடி போட்ட ஆளுன்னா கண்ணு ரப்பர உள்ள எறக்கி வச்சுக்கங்க, போடாத ஆளு வெளிய தூக்கி வச்சுக்கங்க. நான் கண்ணாடியோட ரப்பர தூக்கி வச்சுக்கிட்டு ஒரு வாரம் சாவித் தொளை வழியாப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன்.

இப்ப தொண்டி. மொத ஞாயிறு விடிய ஆறே கால் மணிக்கு ஜம்முனு போயி நின்னேன், ஒண்ணும் தெரியல. எல்லாம் கருப்பு. குருவி இருக்கு, ஓடுது, கலரு இல்ல, நெழல் பொம்மை மாதிரி. ஆறாயிரம் ரூவா போச்சேன்னு வயிறு எரிஞ்சுச்சு. அப்புறம்தான் மண்டைல ஒறச்சுது, தொண்டிக் கடல் கெழக்க பாத்த கடல், காலைல கடலப் பாத்தா சூரியனப் பாக்குறோம்னு அர்த்தம். எம்புட்டு வெலையுள்ள லென்ஸா இருந்தாலும் எதிர்வெயில்ல கருப்புத்தான். (சூரியனையே பைனாகுலர்ல பாத்தா கண்ணு போயிரும், பிள்ளைக கைல குடுக்குறப்ப இத ரெண்டு தடவ சொல்லுங்க.) இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, கரையோரமா வடக்க தெக்க பாத்து நடக்கணும், வெளிச்சம் பக்கத்துல விழும். இன்னொண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல போகணும், வெயில் முதுகுக்குப் பின்னாடி இருந்து நேரா குருவி மேல அடிக்கும். மறுவாரம் சாயங்காலம் போனேன். அதே பைனாகுலர், அதே எடம். அது வேற கடலு.

ஒரு குருவிய மட்டும் சொல்றேன். ஒரு முப்பதடி தூரத்துல நின்னுச்சு. வெறுங்கண்ணுக்கு அது ஒரு மண்ணாங்கட்டி. லென்ஸ்ல முதுகு மழை பேஞ்சு காஞ்ச மண்ணு நெறம், வயிறு சுண்ணாம்பு வெள்ள, உருண்டத் தல, கண்ணு மட்டும் தலைக்குப் பெருசு, கறுகறுன்னு. ஓடுச்சு, நின்னுச்சு. தலய லேசாச் சாச்சு மண்ணையே பாத்துச்சு. ஒரு கொத்து, ஒரு புழு பாதி வந்து மாட்டிக்கிச்சு. இழுத்தா அந்துரும்னு அதுக்குத் தெரியுது போல, வெடுக்குனு இழுக்காம, புடிச்ச புடிய விடாம கொஞ்சங் கொஞ்சமா பின்னாடி சாஞ்சு, புழு ரப்பர் மாதிரி நீண்டு, படக்குனு முழுசா வந்துருச்சு. நான் மூச்சு விடவே இல்ல. பலகைல இருந்து துருப்புடிச்ச ஆணியப் புடுங்குறப்ப நானும் அப்படித்தான் புடுங்குவேன்.

அதுதான் உப்புக்கொத்தி. மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, அமெரிக்காவுல கார்னெல் பறவை ஆய்வுக்கூடம் போட்டது, காசு கெடையாது, நம்ம பக்கத்துக்கு உள்ள பறவைத் தொகுப்ப வீட்லயே இறக்கி வச்சுக்கிட்டா கடக்கரைல சிக்னல் இல்லாட்டியும் ஓடும். எங்க, எப்ப, எம்புட்டுப் பெருசு, என்ன கலரு, என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு அஞ்சு கேள்வி கேட்டுட்டு போட்டோவோட லிஸ்ட்டு குடுக்கும். அதுல பாத்தா இது திபெத்தியன் சாண்ட் ப்ளோவர்னு வந்துச்சு. லடாக்கு, திபெத்துன்னு அந்த ஒசரத்துல குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு இங்கிட்டு கடக்கரைக்கு எறங்கி வருதாம். என் மொதக் கேள்விக்கும் பதில் கெடச்சுச்சு. உப்புக்கொத்தி கண்ணால பாத்துத் திங்கிற சாதி, அதுனாலதான் பெரிய கண்ணு, ஓடி நின்னு பாக்குறது. தவிடு கொத்துற மாதிரி கொத்துனது உள்ளான். அதோட மூக்கு நுனில உணர்வு இருக்கு, மண்ணுக்குள்ள விட்டுத் தடவியே எரையக் கண்டுபுடிச்சுரும், அது எதுக்கு நின்னு பாக்கணும்? அதுலயே ரொம்பச் சின்னது கொசு உள்ளான், எடை ஒரு கோழி முட்டைல பாதி தேறும், அது வர்றது வட துருவத்துப் பக்கம் ரஷ்யாவோட மேல் நுனில இருந்து. வேற ஒரு சாதி, மூக்கன்ல ஒரு வகை, 2022ல அலாஸ்காவுல கெளம்பி ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர், 11 நாளு எங்கயும் எறங்காம பறந்துச்சாம், மேல மாட்டுன கருவி வழியா கணக்கு எடுத்துருக்காக. நான் தொண்டி போயி வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல டீக்கு நிக்கிறேன்.

எட்டு மடங்குல தெரிஞ்ச மத்ததுகளையும் சொல்லிர்றேன். பவளக்காலி, காலு ஆரஞ்சுச் செவப்பு, கூட்டத்துலயே மொதல்ல கத்தி எல்லாத்தையும் கெளப்பி விடுற வாட்ச்மேன் இதுதான், பறக்குறப்ப றெக்கையோட பின் ஓரத்துல வெள்ளப் பட்டை தெரியும். பின்பக்கத்த ஆட்டிக்கிட்டே நடக்குற ஒண்ணு, அது சாதா உள்ளான், தோள்பட்டைகிட்ட வெள்ள ஏறி நிக்கும், ஊருணிப் பக்கமும் பாக்கலாம். தூரத்துல கர்லூ, மூக்கு அருவா மாதிரி கீழ வளைஞ்சது, அது இத்தாம் பெருசு, அதுக்கு பைனாகுலரே தேவையில்ல. வீடியோவுல வர்ற மாதிரி அலைக்கு முன்னாடி ஓடி ஓடி வர்ற குருவி எங்கன்னு கேக்காதீக, பாக் ஜலசந்திப் பக்கம் பெரும்பாலும் அலைங்கிறதே தாம்பாளத்துல தண்ணி ஆடுற மாதிரித்தான், நம்ம குருவிக சேத்துல திங்கிறதுக.

ஒண்ணு மட்டும் பாக்கணும்னு ஆசை, இன்னும் உறுதியா பாக்கல. ஹனுமான் ப்ளோவர். இலங்கைலயும் தெக்க இந்தியாவுலயும் இருக்குற உப்புக்கொத்தி, இத்தன காலம் கென்டிஷ் ப்ளோவர்ங்கிற இன்னொரு உப்புக்கொத்தியோட ஒரு பிரிவுன்னே வச்சிருந்தாக, 2023ல இலங்கை ஆளுகளும் இங்கிலாந்து ஆளுகளும் சேந்து ஆராய்ஞ்சு இது தனி இனம்னு சொன்னாக. ராமர் பாலம் பக்கத்துல இருக்குறதால ஹனுமான் பேரு. கென்டிஷுக்குக் காலு கருப்பு, இதுக்குச் சாம்பல் நெறம், இம்புட்டுதான் எனக்குப் புரிஞ்ச வித்தியாசம். இங்கதான் 6,400 ரூவா லென்ஸோட எல்ல தெரியுது. காலு நல்லா சேறு அப்பியிருக்கு, சாம்பலா கருப்பான்னு எட்டு மடங்குல நான் எப்படிச் சொல்றது. அதுக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்துற ஒத்தக்கண்ணு தொலைநோக்கி, ஸ்பாட்டிங் ஸ்கோப்ம்பாக, அது வேணும், அதத் தூக்கிக்கிட்டு நடந்தா டாக்டர் சொன்ன நடை நடந்த மாதிரிதான்.

இப்ப கொறை. மொதக் கொறை, உறைல வெல்க்ரோ. திறந்தா சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், பவளக்காலிக்கு அது போதும், மொத்தக் கூட்டமும் காலி. நான் வெல்க்ரோவப் பிரிச்சுட்டு வேட்டி பெல்ட்டுக் கடைல ஒரு அமுக்குப் பட்டன் வச்சுத் தச்சுக்கிட்டேன். ரெண்டாவது, பட்டை நைலான், வேர்வைல கழுத்த அறுக்குது, 650 கிராம் எடை ரெண்டு மணி நேரம் கழுத்துல தொங்குனா தெரியும், அகலப் பட்டை தனியா வாங்கி மாத்துங்க. மூணாவது, முன் லென்ஸ் மூடி லூசு, ஒண்ணு மூணாம் வாரமே காணாமப் போச்சு, ஒன்றரை இஞ்சு பைப்புக்குப் போடுற எண்டு கேப் ஒண்ண உள்பக்கம் துணி ஒட்டி மாட்டியிருக்கேன், ஒரிஜினல விட நல்லா நிக்கிது. கஸ்டமர் கேர்ல மூடி மட்டும் தர மாட்டோம், முழு செட்டா திருப்பி அனுப்புங்கன்னு சொல்லி மூணு தடவ மெயில் போட வச்சு, நாலாவது மெயிலுக்குப் பதிலே இல்ல. ஒரு நட்டு தொலஞ்சா நட்டு குடுக்கணும்யா.

நாலாவது கொறை என் மேல. உப்புக்காத்துல லென்ஸ் மங்கும், நான் பழக்க தோஷத்துல வேட்டி நுனிய வச்சுத் தொடச்சுட்டேன். மணலு ஒண்ணு ரெண்டு ஒட்டியிருந்துருக்கு, எடது லென்ஸ்ல மயிரு மாதிரி ரெண்டு கீறல். பாக்குறப்ப தெரியாது, ஆனா எனக்குத் தெரியும்ல, உறுத்துது. மொதல்ல காத்தடிச்சு மணல ஊதி விடணும், அப்புறம் சுத்தமான துணிய லேசா நனச்சு உப்ப எடுக்கணும், கடைசிலதான் காஞ்ச துணி. உள்ள நைட்ரஜன் அடச்சு ஓ-ரிங் போட்டுருக்கறதால தண்ணி ஏறல, ஐப்பசி மழைல ரெண்டு தடவ நல்லா நனஞ்சும் உள்ள ஒரு பொட்டு ஆவி இல்ல. இந்த ஒரு விஷயத்துல முழு மார்க்கு.

இன்னொண்ணு, இது பாக்குறதப் பத்தி இல்ல, பாக்கப்படுறதப் பத்தி. எதுத்தாப்ல இலங்கை இருக்குற கரை, அங்க ஒருத்தன் பைனாகுலரும் கையுமா நின்னா கேக்கத்தான் செய்வாக. ரோந்து வந்த ரெண்டு பேரு கேட்டாக, ஆதார் கார்டக் காமிச்சு, குருவியையும் காமிச்சேன், ஒருத்தர் அஞ்சு நிமிஷம் வாங்கிப் பாத்துட்டு "நெசமாவே குருவிதான்யா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. படகையும் ஆளையும் குறி வச்சுப் பாக்காதீக, வலை உலத்துற பொம்பளையாளுக பக்கம் திருப்பவே திருப்பாதீக. நான் உக்காந்த வத்தைக்குச் சொந்தக்கார பாய் ஒருத்தர், பெரியவரு, மொத மாசம் என்னைய ஒரு மாதிரியா பாத்தாரு, இப்ப அவரே "தம்பி, இன்னைக்குத் தண்ணி நல்லா வத்திக்கெடக்கு, தெக்க போங்க, ஒங்க ஆளுகள்லாம் அங்கிட்டுதான்"னு அனுப்பி விடுறாரு. வத்துன சேத்துலதான் குருவி இருக்கும்னு எனக்கு ஆப் சொல்லல, அவருதான் சொன்னாரு.

எல்லாருக்கும் இது வேணுமா? பெரிய பறவ பாக்க ஆசைன்னா நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயம் இருக்கு, கொள்ளுக்குடிப்பட்டி சனங்க பறவை பயந்துரும்னு தீவாளிக்கு வெடியே போடாம இருக்காகளே, அந்த ஊரு. அங்க மரத்து மேல நிக்கிற நத்தகுத்தி நாரையும் கொக்கும் வெறுங்கண்ணுக்கே நெறஞ்சு நிக்கும். மண்ணோட மண்ணா கெடக்குற கடக்கரைச் சாதிகளுக்குத்தான் லென்ஸ் வேணும். அதுக்கு 8×42 போதும், மிச்சக் காசுக்குப் பெட்ரோல் போடுங்க. புரட்டாசில இருந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம். போன வாரம் பாத்தப்ப உப்புக்கொத்தி சிலதுக்கு நெஞ்சுல செங்கப்பொடி நெறம் ஏறியிருந்துச்சு, கெளம்பப்போகுதுகன்னு அர்த்தம்.

மார்க்கு அஞ்சுக்கு நாலு. ஒன்னு கொறச்சது அந்த டயாப்டர் வளையத்துக்கு, பூட்டு கெடையாது, கை பட்டா திரும்பிருது. மச்சான் வாங்கிப் பாத்தா ஒரு பக்கம், பய பாத்தா ஒரு பக்கம், திரும்ப வாங்குறப்ப நம்ம அளவு போயிருக்கும். வீட்ல செவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வளையத்துலயும் பாடிலயும் ஒரு பொட்டு வச்சேன். இப்ப ரெண்டு பொட்டும் நேரா இருந்தா என் கண்ணு.